என்ன கறி?

அவனை எனக்குப் பிடிக்காது. அன்றைக்கும் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. ஆனால் ரஷ்யாவில் என் அறையில் எதிர்க்கட்டிலில் படுத்திருந்தவன் அவன்தான். நான் ராஜபாளையம், அவன் ஸ்ரீவில்லிபுத்தூர். நடுவில் அரை மணி நேரப் பஸ் தூரம். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் பதினெட்டு வருஷம் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்காமல் நிம்மதியாக இருந்தோம். டாக்டருக்குப் படிக்கவைக்கிறேன் பேர்வழி என்று எங்களை மாஸ்கோவிலிருந்து ஒரு நாள் முழுக்க ரயிலில் போக வேண்டிய ஓர் ஊருக்குக் கொண்டுபோய் ஒரே அறையில் அடைத்துவிட்டார்கள். விண்ணப்பத்தில் இரண்டு பேருக்கும் ஒரே மாவட்டம் என்று பார்த்த விடுதிப் பொறுப்பாளர் அம்மாள், சொந்தக்காரப் பையன்கள் போலிருக்கிறது, சேர்ந்தே இருக்கட்டும் என்று இரக்கப்பட்டாளாம். அந்த இரக்கத்தில் இடி விழ.

எண்பதுகளின் கடைசி அது. என் அப்பா நூல் மில்லில் ஃபிட்டர், சங்கத்து ஆள். சங்கத்தில் யார் யாரையோ பிடித்துத்தான் எனக்கு அந்த உதவித்தொகைச் சீட்டு வந்தது. அவன் மார்க்கு வாங்கி வந்தவன். அதை அவன் வாயால் சொல்ல மாட்டான், ஆனால் சட்டையை மடிக்கிற விதத்திலேயே தெரியப்படுத்துவான். அவன் அப்பா ஆண்டாள் கோயிலில் பாசுரம் சேவிக்கிறவர். வெளியில் எங்கே போனாலும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாத ஆசாரம்.

முதல் நாளே எங்களுக்குள் ஒரு வார்த்தை இடித்தது. விடுதி கேன்டீனில் தட்டு நிறைய இறைச்சியை வைத்து நீட்டினார்கள். அவன் தட்டைத் தள்ளிவிட்டு ரொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டான். பேச்சுக்குப் பேச்சாக, உங்கள் வீட்டில் கறியே சாப்பிட மாட்டீர்களா என்று கேட்டேன். ஏன் சாப்பிடாமல், தினமும் கறி உண்டே, கிளம்புகிற அன்றைக்குக்கூட அம்மா வாழைக்காய்க் கறி பண்ணினாள் என்றான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் வீட்டில் கறி என்றால் ஆட்டுக்கறி. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தூக்குவாளியோடு கடை வாசலில் நின்று எலும்பு கூடக் கேட்டுச் சண்டைபோட்டு வாங்குவது. அவர்கள் வீட்டில் கறி என்றால் காய், அதையே கறமது என்றும் சொல்வார்களாம். விஷயம் புரிந்ததும் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நாங்கள் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு நாள்தான் என்று நினைக்கிறேன்.

குளிர் வந்தது. ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ். இதைத் தவிர அவன் வாயில் ஒன்றும் படாது. கன்னம் ஒட்டிப்போய்விட்டது. ஒரு நாள் பிணம் அறுக்கிற கூடத்தில் எனக்குப் பக்கத்தில் நின்றவன் அப்படியே சரிந்தான். பிணத்தைப் பார்த்துப் பயந்துவிட்டான் என்று ரஷ்யப் பையன்கள் சிரித்தார்கள். பயமில்லை, பசி. டாக்டர் அம்மாள் வந்து கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு, இவன் இறைச்சி சாப்பிடாவிட்டால் இவனையே மேஜையில் கிடத்த வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்குச் சாயங்காலம் மாடிப் பொது அடுப்பில் கோழியை வேகவைத்து, ஊரிலிருந்து கொண்டுபோன மிளகுத்தூளைப் போட்டுச் சாறு காய்ச்சி அவனுக்குக் கொடுத்தது நான். எனக்கு அவன்மேல் பிரியம் ஒன்றும் கிடையாது. ஒரே அறையில் ஒருத்தன் செத்துத் தொலைத்தால் யார் பதில் சொல்வது? அவன் அழுதுகொண்டே குடித்தான். முடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மா காதுக்கு மட்டும் போயிடப்படாதுடா" என்றான். அந்த ஒன்றைத் தொட மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அவர் மகனை அனுப்பினாராம். அவன் சத்தியம் கெடாமல் இருக்க வேண்டும் என்று சனிக்கிழமைதோறும் பட்டினி கிடக்கிறாராம். நான் சொல்ல மாட்டேன் என்றேன். இரண்டாம் வருஷம் வந்தபோது நான் வாங்கிவரும் கோழியில் தொடை அவனுக்குத்தான் போனது. பிடிக்காதவனுக்குத் தொடையைக் கொடுத்துவிட்டுக் கழுத்தைக் கடித்துக்கொண்டிருந்தவன் நான்.

என் கதை வேறு. அங்கே பரீட்சை என்றால் மேஜைமேல் கவிழ்த்துப் போட்டிருக்கும் சீட்டில் ஒன்றை எடுக்க வேண்டும். அதில் உள்ள கேள்விக்கு நேருக்கு நேர் வாயால் பதில் சொல்ல வேண்டும். எலும்பு எலும்பாக எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் ரஷ்யன் வராது. தமிழ் வரும், இங்கிலீஷ் வரும், கடைசியில் வியர்வை வரும். உடற்கூறில் இரண்டு தடவை எனக்கு 'இரண்டு' போட்டார்கள். அங்கே இரண்டு என்றால் பெயில். மூன்றாவது வாய்ப்பு செப்டம்பர் முதல் வாரத்தில். அதிலும் தேறாவிட்டால், இல்லை அந்தத் தேதிக்கு ஆள் போய் நிற்காவிட்டால், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இரண்டாவது பெயிலுக்குப் பிறகு குடித்தேன். மறைக்க ஒன்றுமில்லை. ஒரு வாரம் நன்றாகவே குடித்தேன். கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுதிக்கொண்டிருந்தான்.

கோடை விடுமுறைக்கு நான் ஊருக்குப் புறப்பட்டேன். அவன் வரவில்லை. அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை, அப்பாவுக்கு ஓர் அலாரம் கடிகாரம், இரண்டையும் பொட்டலம் கட்டி என் பெட்டியில் வைத்து, பத்திரமாகச் சேர்த்துவிடு என்றான். முகத்தில் ஒரு சலனம் இருக்க வேண்டுமே! இல்லை.

வீட்டுக்கு வந்து இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது அப்பா பாஸ்போர்ட்டைக் கேட்டார். காட்டுலே, பாப்போம், எப்படி இருக்குன்னு. நானும் மடையன் மாதிரி எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது, பூட்டுகிற சத்தமும் கேட்டது. திரும்பி வந்தபோது சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டே வந்தார்.

"ஒன் சேக்காளியோட அப்பா வந்திருந்தாரு. மகன் எழுதியிருக்கானாம். ரெண்டு தடவ பெயிலு, குடி வேற. ஒங்கூட இருந்தா தானும் கெட்டுப்போவேன்னு பயமா இருக்காம் அந்தப் பிள்ளைக்கு. போதும்லே நீ படிச்சுக் கிழிச்சது. கிருஷ்ணன்கோவில்ல காலேஜ் கெடக்கு, பஸ்ஸு நம்ம முக்குக்கே வருது. கண்ணு முன்னால இருந்து படி. இல்ல, எங்கூட மில்லுக்கு வா."

செப்டம்பரில் பரீட்சை இருக்கிறது, போகாவிட்டால் இரண்டு வருஷமும் பாழ் என்று கத்தினேன். காலில் விழாத குறைதான். அப்பா கையைக் கழுவிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டார். அம்மா அப்பாவை ஒன்றும் சொல்லவில்லை. வந்தவரைத்தான் கரித்துக்கொட்டினாள். நாற்காலியில் துண்டை விரித்து உட்கார்ந்தாராம். டீ போடட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம்மா, வெளியில் தண்ணிகூடத் தொடுவதில்லை என்றாராம். "நம்ம வீட்டுல பச்சத் தண்ணி பல்லுல படக் கூடாது அவியளுக்கு. நம்ம பிள்ளையக் கொற சொல்ல மட்டும் வீடு தேடி வரத் தெரியுது" என்றாள்.

 கெட்டுப்போய்விடுவானாம்! தொடையைத் தின்ற வாய், என்ன எழுதியிருக்கிறது பார். நாலு நாள் அந்தப் பொட்டலத்தைக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளித் தள்ளி வைத்தேன். ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த மறுநாள், அதை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். பொட்டலம் ஒரு சாக்கு. ஒரு வாக்கியம் சொல்லப் போனேன். என் படிப்பு போனால் அவன் படிப்பும் போகட்டும். அந்த அம்மாவுக்குத் தெரிந்தால் அவனை அங்கே ஒரு நாள் இருக்க விட மாட்டார். பஸ்ஸில் உட்கார்ந்து அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். உடற்கூறை அப்படிப் படித்திருந்தால் தேறியிருப்பேன்.

கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. அவன் அப்பா முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். தேர் நடந்த களைப்பு கண்ணில் இருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் இறுகியது, இருந்தாலும் வா என்றார். பொட்டலத்தைக் கொடுத்தேன். கடிகாரத்தை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுச் சாவி கொடுக்க ஆரம்பித்தார். மாமி, அவன் அம்மா, அடுப்படியிலிருந்தே கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இளைத்துவிட்டானா, எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறானா, பனி அறைக்குள்ளேயும் பெய்யுமா? நான் காத்திருந்தேன். கடைசியில் அந்தக் கேள்வி வந்தது.

"சாப்பாட்டுக்கு என்ன பண்றான்? வெறும் ரொட்டியையே தின்னுண்டிருக்கானோ?"

நான் குரலை உயர்த்தினேன். "ரொட்டியா? அதெல்லாம் மொத வருசத்தோட போச்சு மாமி. இப்பத் தெனமும் கறிதான். கறி இல்லாம ஒரு வாய் சோறு எறங்காது ஒங்க மகனுக்கு."

சொல்லிவிட்டு அவன் அப்பா முகத்தைப் பார்த்தேன். பார்க்கத்தானே வந்தேன். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்த விரல் நின்றது. என் கண்ணையே பார்த்தார். பிறகு அடுப்படிப் பக்கம் கேட்கும்படி, சாதாரணமாக, சத்தமாகக் கேட்டார்.

"என்ன கறி? முட்டைக்கோஸா?"

அந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்று முதல் நாளே தெரிந்துகொண்டவன் நான். கோபத்தில் எனக்கு என் வீட்டு அர்த்தம் மட்டும்தான் ஞாபகம் இருந்தது. இல்லை, கோழி என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் மாமி வெளியே வந்துவிட்டார். முகமெல்லாம் பல்.

"கறமது பண்ணிச் சாப்பிடறானா? அடுப்படி எந்தப் பக்கம்னே தெரியாதே அவனுக்கு! யாருடா சொல்லிக்குடுத்தா?"

"நாந்தான்" என்றேன். அது பொய்யில்லை.

நன்னா இருப்பே என்று சொல்லிப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு வருஷமாகப் பிள்ளை காய்ந்த ரொட்டியைத் தின்கிறான் என்று நினைத்து நினைத்து இவருக்குச் சோறு இறங்கவில்லையாம். அங்கே தேங்காய் கிடைக்குமா, கடுகு தாளிக்கிறீர்களா, கோஸை நறுக்கிக் கொஞ்சம் உப்புப் போட்டுப் பிசறி வைத்தால் சீக்கிரம் வேகும் என்று சொல் என்றார். நானும் ஆமாம் மாமி, சரி மாமி என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்ய? அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கோழி என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. வராத நாக்கின் மேலும் எரிச்சலாக வந்தது. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று இலை போட்டார். வாழைக்காய்க் கறி. நன்றாகத்தான் இருந்தது, சனியன். கிளம்பும்போது ஒரு ஜாடி நார்த்தங்காய் ஊறுகாயைக் கையில் திணித்து, ரஷ்யாவுக்கு எடுத்துப் போ, இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் போகப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரர் அதையும் சொல்லியிருக்கவில்லை.

நான் கேட்காமலே அவன் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார். தேரடி வந்தது. தேர் வடத்தைச் சுருட்டிப் போட்டிருந்த இடத்தில் நின்றார்.

"எனக்குக் கறின்னா என்னன்னு தெரியாதுன்னு நெனைச்சியோ? அம்பது வருஷமா இந்த ஊர் மார்க்கெட் வழியாத்தான் நடக்கறேன்."

நான் ஊறுகாய் ஜாடியை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"இதைச் சொல்லணும்னே பஸ் ஏறி வந்திருக்கே."

"நீங்களும் அப்பிடித்தான பஸ் ஏறி எங்க வீட்டுக்கு வந்தீங்க?"

"நான் சொன்னது நிஜம்."

"நான் சொன்னதும் நெசந்தான். ஒங்க மகன் செத்துப்போகாம இருக்க மொத மொத அதக் காச்சிக் குடுத்தவனே நாந்தான். அதையும் எழுதியிருந்தானா?"

அவர் முகம் அப்படியே சாம்பலாகிவிட்டது. எழுதவில்லை போலிருக்கிறது. எனக்கு அப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. இருபது வயசு, வேறெப்படி இருக்கும்? எங்கப்பாவிடம் வந்து பேச்சை மாற்றிச் சொல்லுங்கள், என் பாஸ்போர்ட்டைப் பீரோவிலிருந்து எடுத்துத் தரவையுங்கள், இல்லையென்றால் நாளைக்கழித்து மறுபடியும் வருவேன், அது என்ன கறி என்று மாமிக்கு விளக்கமாகச் சொல்லிவிட்டுப் போவேன் என்றேன். ஊறுகாய் ஜாடியை இடுக்கிக்கொண்டுதான் அவ்வளவையும் சொன்னேன். மாமியிடம் என் நாக்கு எழும்பாது என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அவர் திரும்பி நடந்தார்.

மறுநாள் சாயங்காலம் வந்துவிட்டார். அப்பா ஷிஃப்டு முடிந்து வந்து குளித்துக்கொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, வாங்க சாமி என்று நாற்காலியைப் போட்டார். வந்தவர் இந்தத் தடவை துண்டை விரிக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. பாடம் ஒப்பிப்பதுபோல ஆரம்பித்தார்.

"அன்னிக்கு நான் சொன்னதுலே ஒரு பிசகு ஆயிடுத்து. பையன் 'குடிக்கறான்'னு எழுதினது வாஸ்தவம். எதைக் குடிக்கறான்னு எழுதலை. நான்தான் சாராயம்னு எடுத்துண்டுட்டேன். கடுதாசை மறுபடி வாசிச்சப்புறந்தான் தெரிஞ்சுது. குளிருக்கு அங்கே பத்துத் தரம் டீ குடிப்பாளாம். அதைத்தான் எழுதியிருக்கான்."

அப்பா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பெயிலானது என்று இழுத்தார். பாஷைதான் வரவில்லை, பாடம் தெரியும், என் பையனே சொல்லியிருக்கிறான், அனுப்பி வையுங்கள் என்றார் வந்தவர். அப்பா மில்லில் ஆயிரம் பேரிடம் பேசிப் பழகியவர். கோயிலில் நின்று பாசுரம் சொல்கிற வாய் பொய் சொல்லும் என்று அவருக்குத் தோன்றுமா? இருந்தாலும் ஏதோ ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது அவருக்கு. சாவியைத் தடவிக்கொண்டே நின்றார்.

அம்மாவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. எம்பிள்ளை அப்படிச் செய்ய மாட்டான்னு சொன்னேன்லா என்று உள்ளே ஓடினாள். அப்பாவுக்கென்று போட்டிருந்த டீயை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தாள். வந்த வேகத்தில் அவர் முன்னால் நீட்டியும்விட்டாள். நீட்டிய பிறகுதான் ஞாபகம் வந்து கையை இழுக்கப் போனாள்.

அவர் வாங்கிக்கொண்டார். தூக்கிக் குடிக்கவில்லை. உதட்டில் வைத்து, எங்களைப் போலவே, கடைசிச் சொட்டு வரை குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவைப் பார்த்து, "இதைத்தான் குடிக்கறான்" என்றார். அப்பா அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தார்.

வாசல் வரை நான் போனேன். தெருவில் இறங்கிய பிறகுதான் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். "அவனை மாதிரியே இப்போ நானும் ஆயாச்சு. திருப்திதானே?"

"திருப்திதான்" என்றேன். அப்படித்தான் சொன்னேன். அந்த நேரத்தில் அது உண்மையும்கூட.

இனி என் வாசலில் கால் வைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வைக்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ரஷ்யா போய்ச் சேர்ந்தேன். அறைக் கதவைத் திறந்தால் கோழி வேகிற வாசனை. நான் வருகிறேன் என்று அவனே வாங்கிவந்து, அறையிலிருந்த சின்ன மின்னடுப்பில் வைத்திருந்தான். கரண்டியும் கையுமாக நின்றுகொண்டு, அம்மா எப்படி இருக்கா என்று கேட்டான். நன்றாக இருக்கிறார் என்று ஊறுகாய் ஜாடியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். உனக்குக் கறமது பண்ணத் தெரியும் என்று அவ்வளவு சந்தோஷம் அவருக்கு என்றேன். அவன் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். அப்பா?

"எங்க வீட்டுக்கு வந்தாரு. டீ குடிச்சாரு."

"போடா. எங்கப்பாவாவது, உங்காத்துல டீ குடிக்கறதாவது." சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்து கிளறினான். நான் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தான். என் முகத்தைப் பார்த்தான், ஜாடியைப் பார்த்தான், பிறகு கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்தைப் பார்த்தான். குனிந்து அடுப்பை அணைத்தான்.

"எதுக்குடா குடிச்சார்?" என்றான்.

நான் பாஸ்போர்ட்டை எடுத்துப் பெட்டிக்குள் அடியில் வைத்துப் பூட்டினேன்.